சுக்கானியார் வீட்டுக் கறையான்

குசினி வாசலின் மேற்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கிய ஸுஹைர், தன்னுடைய முகத்து நாடியைச் சட்டத்துக்கு மேலே கொண்டுபோகத்தான் பாடுபட்டான். நாடி இருந்த இடத்திலேயே இருந்தது. சட்டம்தான் மெல்ல நாடியைப் பார்த்து இறங்கி வந்தது.

'டொக்' என்றொரு சத்தம். ஸுஹைர் கையை விட்டுவிட்டு நிலத்தில் குதித்தான். குதித்தான் என்பதுகூட மரியாதைக்காகச் சொல்வதுதான். அவன் காலுக்கும் நிலத்துக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருந்திருக்கும்.

நிமிர்ந்து பார்த்தான். சட்டத்தின் இடது மூலையில் மெல்லியதாக ஒரு வெடிப்பு. பக்கத்தில் ஓர் ஆணி தலையை வெளியே நீட்டி, யார் இந்த வேலை செய்தது என்று எட்டிப் பார்த்தது.

வேறு யாருடைய வீடென்றாலும் இவ்வளவு பயந்திருக்க மாட்டான். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவன் குடியிருப்பது மனைவி ஸுல்பிகாவின் வீட்டில். ஊர் வழக்கப்படி மகளுக்கென்று மாமா கட்டிக் கொடுத்தது. மாமாவும் மாமியும் இருப்பதும் அங்கேதான். கதவு, நிலை, மேசை, கதிரை எல்லாமே மாமா பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்துச் செய்வித்தவை. அந்த வீட்டில் ஸுஹைருக்கென்று சொந்தமாக இருந்தவை ஒரு மோட்டார் சைக்கிளும் அவனுடைய உடம்பும் மட்டுந்தான். அந்த உடம்பைத்தான் இப்போது ஐந்து முறை மேலே தூக்கிக் காட்டச் சொல்கிறார்கள்.

திருகோணமலைத் துறைமுகத்துக்கு வருகிற கப்பல்களில், அவற்றுக்கு வழிகாட்டும் பைலட்டை ஏற்றி இறக்கும் படகில் ஸுஹைருக்கு வேலை. கப்பல்காரர்கள் கயிற்றேணியைத் தொங்கவிடுவார்கள். அதைப் பிடித்து இழுத்து நிறுத்துவதும், தேவைப்பட்டால் ஏறிப் போவதும் அவன் பொறுப்பு. கொம்பனிக்குக் கொழும்பிலிருந்து வந்த புதிய மேலாளர், படகில் நிற்கிற எல்லோரும் மாதக் கடைசியில் கம்பியில் தொங்கி ஐந்து புல்-அப் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். எடுக்க முடியாதவர்கள் கரையில் ஸ்டோருக்குப் போக வேண்டியதுதான்.

ஸ்டோர் என்றால் பெயின்ட் வாளிகள், பழைய கயிறு, ஒரு கதிரை, ஒரு மின்விசிறி. ஸுஹைரின் வயிற்றுக்கு அது தோதான இடந்தான். ஆனால் மாமா?

மாமா ஸைனுலாப்தீன் இழுவைப் படகில் சுக்கானியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஜமாலியா ஊர் முழுக்க அவருக்குச் சுக்கானியார் என்றுதான் பெயர். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்த நாளில் அவர் சொன்னதை ஸுஹைர் இன்னும் மறக்கவில்லை. "எனக்குக் கடல்ல நிக்கிற மாப்பிள்ளைதான் வேணும். கதிரையில இருக்கிற மாப்பிள்ளை எண்டா, நான் அரசாங்கக் கச்சேரிக்குப் போய் ஒண்டைப் பிடிச்சிட்டு வந்திருப்பன்."

ஆகவே கதிரைக்குப் போவதென்பது ஸுஹைருக்கு வேலை மாறுகிற விஷயம் மட்டுமில்லை. மாமாவின் முகத்தில் விழிக்கிற விஷயம்.

வெடிப்புக்குள் மரப் பசையை அப்பினான். ஆணியைத் தட்டி உள்ளே அனுப்பினான். போதாததற்குப் பள்ளிவாசல் கலண்டரை எடுத்து அந்த மூலையை மறைத்துக் கொழுவிவிட்டு, படகுக்கு ஓடினான்.

பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது சட்டத்தின் ஒரு பக்கம் முழுதாகக் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. கலண்டர் நிலத்தில் கிடந்தது. தையல் நிலையத்தில் படிப்பித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்த ஸுல்பிகா, கைப்பையைக்கூட வைக்காமல் இடுப்பில் கையூன்றி நின்றாள்.

"இது என்னண்டு விழுந்தது?"

ஸுஹைர் கலண்டரை எடுத்துத் தூசு தட்டினான். காலையில் வெடிப்பு ஒரு மயிரளவுதானே இருந்தது? பசை சரியில்லையோ?

விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் கிடந்த மாமா, தலையைத் திருப்பாமலே சொன்னார். "கறையான்."

"கறையானோ வாப்பா? நேத்து நல்லாத்தானே இருந்தது."

"கறையான் உன்னட்டச் சொல்லிட்டோ வாறது? அது உள்ளுக்குள்ள இருந்து தின்னும். வெளிய தெரியாது."

ஸுஹைர் அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னான். மாமாவே ஒரு குற்றவாளியைப் பிடித்துத் தந்துவிட்டார். அதுவும் வாய் பேசாத குற்றவாளி.

அன்றிரவு சாப்பாட்டில் மாமா கேட்டார். "தேத்தண்ணிக் கடையில கதைச்சாங்க. உங்களுக்கெல்லாம் ஏதோ பரீட்சையாம். எத்தனை எடுக்கோணுமாம் மகன்?"

"அஞ்சு, மாமா."

"அஞ்சோ?" மாமா புட்டை விட்டுவிட்டுச் சிரித்தார். "எங்கட காலத்தில தேத்தண்ணி குடிக்க முதல் இருபது எடுப்பம். அதுக்குப் பிறகுதான் எண்ணவே தொடங்குவம்."

ஸுஹைரும் சிரித்தான். சிரிக்கும்போது முதுகு வலித்தது.

*

மறுநாள் வேலை முடிந்ததும் அவன் இஹ்ஸானின் ஜிம்முக்குப் போனான். கடற்கரைப் பக்கம் ஒரு பழைய கடையை எடுத்து, சுவரெல்லாம் கண்ணாடி மாட்டி, இஹ்ஸான் நடத்துகிற சின்ன ஜிம் அது. வயதில் இளையவன். ஸுஹைரை அண்ணன் முறைக்கு 'நானா' என்றுதான் கூப்பிடுவான். ஆனால் முதுகைப் பற்றிப் பேசத் தொடங்கினால் மௌலவி மாதிரி நிறுத்தமாட்டான்.

"நானா, நீங்க இப்ப தொங்கப் போகாதீங்க," என்றான். "உங்கட முதுகுக்கு இன்னும் விஷயமே தெரியாது. முதல்ல அதைப் பழக்கோணும். அதுக்குக் கம்பி தேவையில்ல. துவாயை முடிச்சுப் போட்டு, கதவு இடுக்கில மாட்டி, சாய்ஞ்சு நிண்டு இழுக்கலாம். மேசைக்குக் கீழ மல்லாக்கப் படுத்து, விளிம்பைப் பிடிச்சு, நெஞ்சை மேசைக்குக் கொண்டு போகலாம். தண்ணிக் கானைக் குனிஞ்சு நிண்டு ஒரு கையால இடுப்புக்கு இழுக்கலாம். எல்லாம் அதே முதுகுதான்."

"அப்ப தொங்கவே தேவையில்லையோ?" ஸுஹைரின் முகம் மலர்ந்தது.

"பிறகு தொங்கலாம். ஒண்டை மட்டும் மறக்காதீங்க. கையால இழுக்கிறதெண்டு நினைக்காதீங்க, முழங்கையைப் பின்னுக்குக் கொண்டு போங்க. தோள் காதுக்கு ஏறக்கூடாது. ரெண்டு தோள்பட்டையும் பின்னால சந்திச்சு ஸலாம் சொல்லோணும்."

ஸுஹைர் கண்ணாடியில் முயன்று பார்த்தான். அவனுடைய தோள்பட்டைகள் நெடுநாள் கோபத்திலிருந்தன. ஒன்றை ஒன்று ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"பழகப் பழக வரும்."

"இஹ்ஸான், இந்தக் கதை எங்கட மாமாட காதுக்குப் போகக்கூடாது."

இஹ்ஸான் ஒருவிதமாகச் சிரித்தான். "இஞ்ச வாற யாருட கதையும் யாருட காதுக்கும் போகாது நானா. போனா, ஊரில கன குடும்பம் குலைஞ்சிரும். செய்யிறதைப் பார்த்துச் செய்யுங்க, வீட்டில பெரியாக்களும் இருக்கிறாங்க."

பெரியவர்கள் சத்தத்தில் எழும்பிவிடுவார்கள் என்று சொல்கிறான் போலும் என ஸுஹைர் நினைத்துக்கொண்டான்.

காலை நேரந்தான் அவனுக்கு வாய்ப்பு. ஸுல்பிகா முதல் பஸ்ஸுக்குப் போய்விடுவாள். மாமா சுபஹுத் தொழுகை முடிந்து தேத்தண்ணிக் கடையில் உலகத்தைத் திருத்திக்கொண்டிருப்பார். மாமி, மூத்த மகள் ஷிஃபானாவின் பிள்ளைப்பேற்றுக்காக மூதூருக்குப் போனவர் இன்னும் திரும்பவில்லை. வீடு முழுதும் ஸுஹைருக்கும் அவனுடைய முதுகுக்கும்தான்.

துவாயில் முடிச்சுப் போட்டு அறைக் கதவில் மாட்டிச் சாய்ந்து இழுத்தான். இரண்டு நாள் நன்றாகப் போனது. மூன்றாம் நாள் முடிச்சு வழுக்கவே, கதவுப் பிடியில் துவாயைச் சுற்றி இழுத்தான். பிடி கொஞ்சம் ஆடியது. அவன் பெரிய திருகாணி ஒன்றைத் தேடி எடுத்து இறுக்கினான். இறுக்கிவிட்டு ஆட்டிப் பார்த்தான். பாறை மாதிரி நின்றது.

அன்று பின்னேரம் கிண்ணியாவில் ஒரு கலியாணம். ஸுல்பிகா வெள்ளென வந்து உடுத்தப் போனாள். அறைக் கதவு சாத்தியிருந்தது. பிடி இருந்த இடத்தில் ஓர் ஓட்டை மட்டுமே இருந்தது. பிடியைக் காணவில்லை. கலியாணத்துக்கென்று தைத்த உடுப்பு, செருப்பு, காப்பு எல்லாம் உள்ளே அலுமாரியில்.

"இதையும் கறையான்தான் திண்டதோ?" என்று ஸுல்பிகா கத்தினாள்.

"பிடி மரத்தில பூட்டினதுதானே," என்றார் மாமா. அவர் குரல் வழக்கத்தைவிடக் கொஞ்சம் மெலிந்திருந்தது. "மரத்தை அது திண்டா, பிடி என்னத்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்கும்?"

கடைசியில் கைப்பிடி முற்றத்து மாதுளைக்குக் கீழே கிடந்தது. கறையான் அதை அவ்வளவு தூரம் எப்படித் தூக்கிப் போனது என்று யாரும் கேட்கவில்லை. ஸுல்பிகா பக்கத்து வீட்டு நஸ்ரினின் உடுப்பைப் போட்டுக்கொண்டு கலியாணத்துக்குப் போனாள். நஸ்ரின் அவளைவிட ஒரு முழம் உயரம். படம் எடுத்தவர்களுக்கெல்லாம் அவள் உட்கார்ந்தே முகம் கொடுத்தாள்.

ஸுஹைர் அன்று முழுக்கக் குற்ற உணர்ச்சியில் வெந்தான். அவன் திருகாணி போட்டுத்தான் மரம் பிளந்திருக்க வேண்டும். தான் எதைத் தொட்டுத் திருத்தினாலும் அது பின்னேரத்துக்குள் இரண்டு மடங்காக உடைகிறது. இப்படி ஒரு கைராசி யாருக்காவது வாய்த்திருக்குமா?

*

அந்தக் கிழமைதான் இன்னொரு குண்டும் விழுந்தது. தேத்தண்ணிக் கடையில் சுக்கானியார் விட்ட கதை, நடந்து நடந்து புதிய மேலாளரின் காதுக்கே போய்விட்டது. அவர் ஆளனுப்பி, பரீட்சை நாளில் பழைய சுக்கானியார் வந்து முதல் புல்-அப்பை எடுத்துத் தொடக்கி வைக்க வேண்டும் என்று அழைத்துவிட்டார்.

"மாஷா அல்லாஹ்," என்றாள் ஸுல்பிகா பெருமையோடு. "வாப்பா, போவீங்கதானே?"

"போகாம?" என்றார் மாமா. பிறகு எழும்பி முற்றத்துக்கு இறங்கிப் போனார்.

ஸுஹைர் அந்த நாளைக் கண்ணுக்குள் கண்டான். மாமா அநாயாசமாக ஐந்தை எடுத்துவிட்டு இறங்குவார். அடுத்ததாக மருமகன் ஏறிக் காயப்போட்ட கருவாடு மாதிரித் தொங்குவான். ஊர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்.

மறுநாள் காலை அவன் மேசையில் கை வைத்தான்.

மேசை என்றால் சும்மா மேசையில்லை. அன்புவழிபுரத்துத் தச்சர் பாக்கியரத்தினம் செய்தது. முழுக்க முதிரை மரம். தூக்குவதற்கு ஆறு பேர் வேண்டும். "இந்த மேசை உங்கட பேரப்பிள்ளையளின்ர கலியாணத்துக்கும் நிக்கும் சுக்கானியார்," என்று அவர் சொல்லிக் கொடுத்ததாம். மாமா வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் அதை ஒரு தடவை தட்டிக் காட்டுவார்.

ஸுஹைர் அதற்குக் கீழே மல்லாந்து படுத்து, விளிம்பைப் பிடித்து, குதிகாலை ஊன்றி, உடம்பை விறைப்பாக வைத்து இழுத்தான். நெஞ்சு மேசையின் அடிப்பக்கத்தைத் தொட்டது! இன்னொரு தரம் இழுத்தான். தொட்டது! அன்றைக்கு முதன்முதலாக இரண்டு தோள்பட்டைகளும் பின்னால் சந்தித்து, மெல்லியதாக என்றாலும், ஸலாம் சொல்லிக்கொண்டன. ஸுஹைருக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த நாளும் செய்தான், அதற்கடுத்த நாளும் செய்தான். கால்சட்டை இடுப்பில் தளர்ந்தது. கயிற்றேணி இலேசானது. பக்கத்துப் படகில் நிற்கும் ரஞ்சன், "என்ன மச்சான், முதுகு அகலமாத் தெரியுது?" என்று கேட்டான்.

வீட்டிலும் மாமா ஒரு நாள் அவன் தண்ணிக் கானைத் தூக்குவதைப் பார்த்துவிட்டு, "தோளைக் காதுக்குத் தூக்காதீங்க மகன்," என்றார். அனுபவம் என்றால் அனுபவந்தான் என்று ஸுஹைர் மனதுக்குள் மெச்சிக்கொண்டான். அண்மைக்காலமாக மாமாவிடமிருந்து தைல வாசம் வீசுவதையும் அவன் கவனித்தான். வயதான உடம்பு, பாவம்.

ஆனால் முதிரையும் மரந்தானே. பரீட்சைக்குக் கிட்டடியில் ஒரு நாள் காலை, மேசையின் ஒரு கால் 'கிறீச்' என்று முனகியது. தடவிப் பார்த்தான், மூட்டு சற்றே விலகியிருந்தது. ஒரு பலகைத் துண்டைச் சீவி இடுக்கில் சொருகி, மேசையைக் குலுக்கிப் பார்த்தான். அசையவில்லை.

அன்று வேலை முடிந்து வரும்போது, வீட்டுச் சந்தியில் பாக்கியரத்தினம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எதிரே வந்தார். குசினி நிலையைத் திருத்த மாமா அவரை வரச் சொல்லியிருந்தார்.

"என்ன ஐயா, நடக்க ஏலாம வாறீங்க?"

"நாரி பிடிச்சிட்டுத் தம்பி. ஒரு பாரத்தைக் கொஞ்சம் வெளிய இழுத்தனான்." அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, ஸுஹைரின் முகத்தைப் பார்த்து, பேசாமல் போனார்.

அடுத்த நாள் மூதூரிலிருந்து சம்பந்தி வீட்டார் வந்தார்கள். பேரப்பிள்ளை பிறந்த சந்தோஷத்துக்கு ஸுல்பிகா இனிப்புக்கு வட்டிலப்பம் செய்திருந்தாள். பெரிய தட்டத்தில் அதை மேசை நடுவில் வைத்தாள். ஷிஃபானாவின் மாமனார் வெள்ளைச் சாரனும் வெள்ளைச் சேட்டுமாக, மேசையின் தலைப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"இது முதிரை," என்று மாமா வழக்கம்போலத் தொடங்கினார். ஆனால் வழக்கம்போலத் தட்டவில்லை.

"அப்பிடியோ?" என்று சம்பந்திதான் தட்டினார்.

கால் கழன்றது. மேசை அவரைப் பார்த்து மரியாதையாகக் குனிந்தது. வட்டிலப்பம் ஒரு கணம் யோசித்தது. பிறகு தட்டத்தோடு புறப்பட்டு, வழியில் தண்ணீர்க் குவளையையும் கூட்டிக்கொண்டு, சம்பந்தியின் மடியில் போய் இறங்கியது.

ஸுல்பிகா துணி எடுக்க ஓடினாள்.

"கறையான்," என்றார் மாமா.

"முதிரையிலயோ?" என்று சம்பந்தி மடியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "முதிரையைக் கறையான் தின்னாதே?"

"அது அந்தக் காலத்துக் கறையான். இப்பத்தைய கறையான் எல்லாம் தின்னும்."

சம்பந்தி மாமாவின் சாரன் ஒன்றை வாங்கி உடுத்துக்கொண்டு மூதூருக்குப் போனார். வாசலில் வைத்து, "சுக்கானியார், வீட்டைக் கொஞ்சம் பாருங்க," என்று சொன்னதுதான் ஸுல்பிகாவைச் சுட்டது. அன்றிரவே அவள் தீர்மானமாகச் சொன்னாள்.

"நான் மருந்தடிக்கிற ஆளோட கதைச்சிட்டன். திங்கக்கிழமை வாறாராம். வீட்டைச் சுத்தி அத்திவாரத்தைத் தோண்டி, நிலத்துச் சீமெந்தெல்லாம் உடைச்சு, அடியில மருந்து விடோணுமாம்."

"வேணாம்!" என்று இரண்டு குரல்கள் ஒரே நேரத்தில் அலறின.

ஸுஹைர் மாமாவைப் பார்த்தான். மாமா ஸுஹைரைப் பார்த்தார். இருவரும் உடனே முகட்டைப் பார்த்தார்கள்.

"வேணாமெண்டா? வீடு விழுந்த பிறகோ தோண்டுறது?" ஸுல்பிகா சுவரைத் தட்டிக் காட்டினாள். "இது எனக்கெண்டு நீங்க கட்டித் தந்த வீடு வாப்பா. ஒவ்வொரு நாளும் ஒவ்வொண்டா விழுது. எனக்குப் பயமா இருக்கு."

அவள் அழுதுவிட்டாள். அதைப் பார்த்ததும் ஸுஹைருக்கு ஸ்டோரும் கதிரையும் பெரிதாகத் தெரியவில்லை. நடப்பது நடக்கட்டும், பரீட்சை முடிந்த கையோடு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிடுவது என்று முடிவெடுத்தான். அதன் பிறகு அவன் வீட்டில் எதையும் தொடவில்லை. இறங்குதுறையில் நின்று, கடல் தண்ணீரை வாளி வாளியாகக் கயிற்றில் இழுத்துத் தளத்தைக் கழுவினான். கழுவின இடத்தையே திரும்பத் திரும்பக் கழுவினான்.

*

பரீட்சை நாள் காலை இறங்குதுறையில் கதிரைகள் போட்டிருந்தார்கள். மாமா வெள்ளைச் சேட்டும் தொப்பியுமாக வந்து இறங்கினார். வலது கை துணிக்கட்டில் கழுத்தோடு தொங்கியது.

"கிணத்தடியில வழுக்கிட்டன்," என்று எல்லோரிடமும் சொன்னார். "இல்லாட்டி இண்டைக்கு இருபது காட்டியிருப்பன்."

மேலாளர் மிகவும் வருந்தினார். பழைய கூட்டாளிகள் வருந்தினார்கள். ஸுஹைர் மட்டும் உள்ளுக்குள் துள்ளினான். தொங்கப்போகிற கருவாட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்கு மீன் இல்லை என்பதே பெரிய ஆறுதல்.

கம்பியில் முதலில் தொங்கியவன் ரஞ்சன். மூன்று எடுத்தான். அடுத்தவன் ஒன்று. அதற்கடுத்தவன் தொங்கினான், தொங்கியபடியே இறங்கினான். ஸுஹைர் ஏறினான். முழங்கையைப் பின்னுக்கு இழுத்தான். நாடி கம்பியைத் தாண்டியது! இன்னொரு முறை தாண்டியது. மூன்றாவதில் பாதி வழியில் நின்று, கால் உதைத்து, சாரைப்பாம்பு மாதிரி நெளிந்து, விழுந்தான்.

கடைசி ஆள்வரை பார்த்தும் ஐந்து எடுத்தவர் யாருமில்லை. மேலாளர் தலையைச் சொறிந்தார். பக்கத்தில் நின்ற படகு ஓட்டி பணிவாகச் சொன்னார். "சேர், எல்லாரையும் ஸ்டோருக்கு அனுப்பினா, கப்பலுக்கு ஆர் போறது?"

மேலாளர் கடலைப் பார்த்தார். வெளியே ஒரு கோதுமைக் கப்பல் பைலட்டுக்காகக் காத்து நின்றது.

"சரி," என்றார். "ஏணியில தொங்கிக்கொண்டு நிக்கிறதில்லையே வேலை. கயிறு இழுக்கிறதுதானே வேலை. அந்தப் பெரிய கயிறைத் தண்ணிக்குள்ள போடுங்க. ஒவ்வொருத்தராக் கரைக்கு இழுங்க."

தொடையளவு தடித்த கப்பல் கயிறு. நனைந்தால் பிணக்கனம். மற்றவர்கள் கையால் இழுத்து, இடையில் நின்று மூச்சு வாங்கினார்கள். ஸுஹைரின் முறை வந்தது. அவனுக்கு அது கயிறாகவே தெரியவில்லை. முதிரை மேசையின் விளிம்பாகத் தெரிந்தது.

"முழங்கை!" என்று கதிரையிலிருந்து மாமா கத்தினார். கட்டுப்போட்ட கையையே மறந்து எழும்பிவிட்டார். "முழங்கையப் பின்னுக்கு! தோளை இறக்குங்க மகன்! ஸலாம், ஸலாம் சொல்லோணும்!"

கூட்டம் விளங்காமல் "அலைக்குமுஸ்ஸலாம்" என்றது. ஸுஹைருக்கும் அந்த நேரத்தில் யோசிக்க நேரமில்லை. கயிறு தடதடவென்று கரைக்கு வந்து சுருண்டது. மேலாளர் அவன் முதுகில் தட்டி, "இந்த ஆளைப் படகை விட்டு இறக்கக்கூடாது," என்றார்.

அப்பாடா! ஸுஹைருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மாமா அவனைக் கட்டிப்பிடித்தார். இரண்டு கையாலும்.

*

ஆட்டோவில் வரும் வழியெல்லாம் ஸுஹைர் வார்த்தைகளைத் தேடிக்கொண்டிருந்தான். மாமா கைக்கட்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். வீட்டில் பாக்கியரத்தினம் மேசைக்குக் கீழே நுழைந்து காலைப் பூட்டிக்கொண்டிருந்தார். ஸுல்பிகா ஆணி டப்பாவோடு பக்கத்தில் நின்றாள். அவனுடைய முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. "அல்ஹம்துலில்லாஹ்!" என்று டப்பாவைக் கீழே வைத்தாள்.

அந்தச் சந்தோஷம் ஆற முதலே சொல்லிவிட வேண்டும் என்று ஸுஹைர் மாமாவின் கையைப் பிடித்தான்.

"மாமா, வீட்டில கறையான் இல்ல."

மாமா திடுக்கிட்டார். "என்ன?"

"நான்தான். நிலையில தொங்கினதும் நான், கதவுப் பிடியில துவாயைக் கட்டி இழுத்ததும் நான், இந்த மேசைக்குக் கீழ படுத்து இழுத்துக் காலைக் கழட்டினதும் நான். எனக்கு ஒரு புல்-அப் கூட எடுக்க ஏலாம இருந்தது மாமா. உங்களுக்குத் தெரிஞ்சா, கதிரைக்குப் போற மாப்பிள்ளையோ எண்டு நினைப்பீங்களெண்டு பயந்துதான் மறைச்சனான். நீங்க பார்த்துப் பார்த்துச் செய்வித்த சாமானெல்லாம் என்னாலதான் போச்சு. என்னை மன்னிச்சிருங்க."

ஸுல்பிகா வாயைப் பொத்திக்கொண்டாள். சம்பந்தியின் சாரன், நஸ்ரினின் உடுப்பு எல்லாம் அவள் கண்ணில் வரிசையாக வந்துபோயின. கோபிக்கத்தான் நினைத்தாள். தோண்டப்படாமல் தப்பிய வீட்டைச் சுற்றிப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

மாமா கண்ணை மூடிக்கொண்டார். அவர் முகத்தில் என்னென்னவோ ஓடின. கடைசியில் பெரிய மூச்சொன்றை விட்டு, கட்டை அவிழ்த்த கையை மருமகனின் தலையில் வைத்தார்.

"எல்லாத்தையும் நீங்களே செஞ்சதோ மகன்? சரி. உங்கள நான் மன்னிச்சிட்டன். மரம்தானே, போனாப் போகுது. மனுசனுக்கு உண்மை சொல்ற குணம்தான் வேணும்."

இப்படி ஒரு மாமனார் யாருக்குக் கிடைப்பார்? ஸுஹைர் குனிந்து கண்ணைத் துடைத்தான். ஸுல்பிகாவும் வாப்பாவைப் பெருமையாகப் பார்த்தாள்.

மேசைக்குக் கீழேயிருந்து பாக்கியரத்தினம், இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தலையை வெளியே நீட்டினார்.

"கால் பூட்டியாச்சுச் சுக்கானியார். ஆனா அண்டைக்கு மாதிரி நீங்கள் திரும்பவும் இதுக்குக் கீழ மல்லாக்கப் படுத்துக்கொண்டு இழுக்கப்போறியளெண்டா, இப்பவே சொல்லுங்கோ, ஒரு இரும்புப் பட்டையும் வச்சு அடிச்சுவிடுறன். இன்னொருக்கா உங்களை வெளிய இழுத்தெடுக்க என்ர நாரிக்கு ஏலாது."